பதினேழாம் கம்பம்

நான் வேலை செய்யும் இடத்தில் கண்டிப்பான விதி ஒன்றுதான். கம்பத்தின் மேல் கை பட்டாலும் சரி, துணி உரசினாலும் சரி, பட்டவர் அந்த நிமிடமே "தொட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். சொன்னவரை யாரும் திட்டக் கூடாது. ஏன், எப்படி என்று கேட்கவும் கூடாது. எந்தக் கம்பம், எத்தனை மணிக்கு, இந்த இரண்டை மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இந்த இடத்தை நடத்தும் மேடத்தின் கைப்பையே ஒருமுறை கம்பத்தில் மாட்டிக்கொண்டபோது அவர் "தொட்டேன்" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டிவிட்டு வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அறை வட்டமானது. சுவரும் தரையும் பச்சை. சுற்றிலும் நாற்பது கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு கேமரா. சில தலைக்கு மேலே இருக்கும், சில முழங்கால் உயரத்தில். நடுவில் ஒருவர் நடந்தால் நாற்பதும் ஒரே நொடியில் எடுக்கும். கம்ப்யூட்டர் அந்த நாற்பதையும் சேர்த்துத் தைத்து ஓர் உருவம் ஆக்கும். ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டால் அந்த உருவம் நம் எதிரே நடக்கும். முன்னால் போனால் முகம் தெரியும், பின்னால் போனால் பின்னல் தெரியும், குனிந்து பார்த்தால் பாதம் தெரியும். சினிமா மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் காட்டி ஏமாற்றாது.

இப்படித் தைப்பதற்கு, ஒவ்வொரு கேமராவும் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கம்ப்யூட்டருக்கு மயிரிழை பிசகாமல் தெரிய வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு நாளும் அளவு பார்ப்போம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு பலகையை அறை முழுக்க மெதுவாகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். அந்தப் பலகையைத் தூக்குவது என் வேலை. எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். நாற்பது கேமராவும் பலகையைத்தான் பார்க்கும், என்னைப் பார்க்காது.

நான் பத்தாம் வகுப்பு முடிக்கவில்லை. வாத்தியார் ஒருநாள் என்னை எழுப்பி ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிந்தது, குரல்தான் வரவில்லை. வாசிக்கும்வரை உட்காரக் கூடாது என்றார். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் வயிற்றுவலி என்றேன், அதற்கு மறுநாளும் என்றேன், அதோடு போயிற்று. அம்மா திட்டித் தீர்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் இங்கே சேர்த்துவிட்டாள். தரையில் தூசி இல்லாமல் துடைப்பது, வந்தவர்களின் நெற்றியில் பளபளப்பு தெரியாமல் பவுடர் ஒற்றுவது, பறக்கிற முடியைப் படிய வைப்பது, பலகை தூக்குவது. இரண்டு வருடத்தில் நான் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம் என்று அங்கே சொல்வார்கள். எனக்குப் பெயரே 'பூனை'. வைத்தவர் அளவுக்கணக்கு போடும் இன்ஜினியர். அவர் மூக்குக்கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் நிற்பதால் அவருக்குப் பெயர் 'கண்ணாடி'.

அந்தச் செவ்வாய்க்கிழமை தபால்காரம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். பதினாறு வருடமாகத் தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுப்பவர். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டி. வெள்ளிக்கிழமை அந்தக் காலையே எடுத்துவிடப் போகிறார்கள். எடுப்பதற்கு முன் அவருடைய நடையைப் பதிவுசெய்து வைத்தால், பிறகு செயற்கைக் கால் பொருத்தும்போது ஹெட்செட்டை மாட்டி, தன் பழைய நடைக்குப் பக்கத்திலேயே நடந்து பழகலாம் என்பது மேடத்தின் ஆராய்ச்சி. எப்படிக் காலை ஊன்றினோம், கெண்டைச் சதை எங்கே இறுகிற்று, குதிகால் எப்போது எழுந்தது எல்லாம் தன் காலைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். மருத்துவமனையில் கேட்டபோது சரி என்றவர் இவர் ஒருவர்தான்.

கூட அவருடைய நாத்தனார் வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, நாப்பது கேமராவாம்! உங்க கல்யாணத்துக்கு வந்தது ஒரே கேமரா. அதுலயும் எங்கண்ணன் எல்லாப் படத்துலயும் கண்ண மூடிட்டு நிப்பாரு."

"அவரு என்னைப் பாக்கக் கூடாதுன்னு மூடியிருப்பாரு" என்றார் தபால்காரம்மா.

மேடம் சிரித்தார். "எத்தனை வருஷம் நடந்திருக்கீங்க?"

"இந்தக் காலு தெரியாத நாயே ஊருல கிடையாதும்மா. ரெண்டு நாய் ருசி பாத்திருக்கு."

கால் வெளியே தெரிய வேண்டும் என்பதால் தொடை வரைக்கும் உள்ள இறுக்கமான அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை கலகலப்பாக இருந்தவர் உடைமாற்றும் அறைக்குள் போனதும் வெளியே வரவில்லை. மேடம் என்னை அனுப்பினார். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, துண்டைக் காலின் மேல் போர்த்தியிருந்தார்.

"பாப்பா, எத்தன பேரு இருக்காங்க வெளிய?"

விரலை எண்ணிக் காட்டினேன். ஒன்பது.

"ஆம்பளைங்க?"

ஐந்து விரலைக் காட்டினேன்.

"இத்தன வருஷத்துல எங்க வீட்டுக்காரரத் தவிர யாரும் முழங்காலப் பாத்தது இல்ல. அதுலயும் இப்ப பாரு, எப்படி இருக்குன்னு." துண்டை விலக்கினார். முட்டிக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. நான் அதன்மேல் பவுடர் ஒற்றினேன். அது என் வேலைதானே. மெதுவாக ஒற்றினேன்.

"வலிக்காது, ஒத்து" என்றார். பிறகு, "யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கக்கா" என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அது.

எழுந்தார். துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு, தலையை நிமிர்த்தியபடி அந்த ஒன்பது பேர் முன்னால் போய் நின்றார்.

அளவு ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஒன்பது நாற்பதுக்கு முடிந்தது என்று கண்ணாடி நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். தபால்காரம்மா சற்று உட்காருவதற்காக நடுவில் ஒரு முக்காலி போட்டிருந்தேன். அவர் எழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, முக்காலியின் கால் பதினேழாம் கம்பத்தில் இடித்தது.

சத்தமே வரவில்லை. கம்பம் ஒரு விரல் அகலம் திரும்பியிருக்கும். முழங்கால் உயரக் கம்பங்களில் அது ஒன்று. எல்லோரும் தபால்காரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் ஒட்டியிருந்த வெள்ளைக் குறியைப் பார்த்து, காலால் கம்பத்தை மெல்லப் பழையபடி நகர்த்தினேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. பார்வைக்குச் சரியாக இருப்பதில் ஒன்றும் இல்லை என்று இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"சீக்கிரம் முடிச்சிருங்கம்மா" என்று தபால்காரம்மா சொன்னார்.

இப்போது சொன்னால் அவர் இன்னும் நாற்பது நிமிடம் இப்படியே காத்திருக்க வேண்டும், பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. துண்டைக் கொடுத்தால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பயந்தது ஒன்பது முகங்களும் திரும்பி என்னைப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்குத்தான். வாயை மூடிக்கொண்டு முக்காலியோடு வெளியே வந்துவிட்டேன்.

அவர் நடந்தார். போக, வர, திரும்ப, படி ஏறுவது போல, பையைத் தோளில் மாட்டியபடி. ஒன்றரை மணி நேரம். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, நாத்தனாரைப் பார்க்கும்போது மட்டும் சிரித்தார். போகும்போது என் கன்னத்தைத் தட்டினார். "உன்னாலதான் பாப்பா வெளிய வந்தேன்" என்றார்.

நாற்பது கேமராவின் படங்களைத் தைத்து முடிக்க இரண்டு நாள் ஆகும். வியாழக்கிழமை மதியம் உருவம் வந்தது. கம்ப்யூட்டர் அறையில் தூசி தட்டுகிற சாக்கில் நின்று பார்த்தேன். முகம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. கழுத்துச் சங்கிலியின் கண்ணிகள்கூடத் தெரிந்தன. இடது முழங்காலுக்குக் கீழே மட்டும் இரண்டு கால். ஒன்றின் மேல் ஒன்று, நனைந்த காகிதம் போல ஒட்டியும் ஒட்டாமலும்.

"கண்ணாடி, இது என்ன?" என்றார் மேடம்.

"அளவுல எங்கயோ பிசகியிருக்கு மேடம். யாரும் எதையும் தொடல. நோட்டுல எதுவும் இல்ல. அப்ப என் கணக்குலதான் தப்பு. சரி பண்ணிடறேன்."

"பண்ண முடியுமா? இல்ல, அந்தம்மாவ இன்னைக்கே திரும்ப வரச் சொல்லட்டுமா? நாளைக்குக் காலையில ஆபரேஷன்."

"வேண்டாம் மேடம், பாவம், திரும்ப அந்த நெலமையில நடக்க வெக்கறதா? கணக்குதானே, கண்டுபிடிச்சிடுவேன்."

எங்கள் இடத்தில் யாரும் "தொட்டேன்" என்று சொல்லவில்லை என்றால் யாரும் தொடவில்லை. அதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அதனால் அவர் கம்பங்களைப் பார்க்கவே இல்லை. தன் கணக்கை மட்டும் முதல் வரியிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

அன்று மாலை நாலு மணிக்கு அவர் அறை வாசலில் போய் நின்றேன். இன்னும் நேரம் இருந்தது. ஒரு போன் செய்தால் தபால்காரம்மா வருவார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும், வலியோடு நொண்டிக்கொண்டாவது வருவார். கண்ணாடி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"குப்பைக் கூடை அந்தப் பக்கம் இருக்கு, பூனை. எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். கூடையில் இரண்டு கசக்கிய தாளும் ஒரு பிஸ்கட் உறையும் இருந்தன. அதைக் கொட்டிவிட்டு, கூடையைக் கழுவி, துடைத்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். வைக்கும்போதும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாத்தனார் மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும்மா. கண்ணத் தெறந்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? எங்கண்ணனக் கேக்கல, என்னையும் கேக்கல. 'அந்தப் படம் வந்திருச்சா'ன்னு கேட்டாங்க."

நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் அதையாவது செய்தோம் என்று இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை. கண்ணாடி சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்து வேலை பார்த்திருக்கிறார். சட்டையும் அதே சட்டை. கணக்கில் தப்பு கிடைக்கவில்லை. தப்பு கிடைக்கவில்லை என்பதே தன் தப்பு என்று நினைக்க ஆரம்பித்திருந்தார். நான் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அடுத்த பதிவுல இருந்து அளவு வேற ஒருத்தர் பாக்கட்டும். நீ கொஞ்ச நாள் ஓய்வெடு."

"சரிங்க மேடம்." மூக்கு நுனியில் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என் தப்புதான். அந்தம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

"தொட்டேன்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். மேடம் என் கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

"எதைத் தொட்ட? இங்க கம்பம் எங்க இருக்கு?"

"பதினேழு." குரல் யாருடையதோ போல இருந்தது. "செவ்வாக்கிழமை. பத்தே கால் மணிக்கு. முக்காலி இடிச்சிருச்சு."

கண்ணாடி எழுந்து குதித்தார். நிஜமாகவே குதித்தார், நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதிற்று. "அப்ப என் கணக்கு சரி! மேடம், என் கணக்கு சரி!" என்று கத்தினார். பிறகு திரையில் நின்றிருந்த தபால்காரம்மாவின் உருவத்தைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு என்னைப் பூனை என்று அவர் கூப்பிடவே இல்லை. வேறு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

மேடம் நோட்டை எடுத்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, '17, 10.15' என்று எழுதினார். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்தது எனக்குக் கேட்டது. ஆனால் விதியை அவர் மீறவில்லை. நோட்டை மூடிவிட்டு, "போய் அறையத் துடை" என்றார்.

பதினேழை நீக்கிவிட்டு மீதி முப்பத்தொன்பதை வைத்துத் தைத்தார்கள். கால் ஒன்றானது. ஆனால் ஒவ்வொரு முறை வலது கால் முன்னே வரும்போதும், இடது காலின் உள்பக்கம், கெண்டைச் சதை இருக்க வேண்டிய இடத்தில், கிழிந்த சட்டைக்கை போல ஒரு பொத்தல் திறந்து மூடியது. அந்த இடத்தைப் பார்த்தது பதினேழு ஒன்றுதான். மற்ற கேமராக்களுக்கு வலது கால் மறைத்துவிட்டது. பக்கத்துப் படங்களிலிருந்து இழுத்து மூடிவிடலாமா என்று கண்ணாடி கேட்டார். மேடம் வேண்டாம் என்றார். இல்லாத சதையை இருப்பதாகக் காட்டி, அதைப் பார்த்து ஒருவர் நடை பழகினால் தப்பான நடைதான் வரும்.

இரண்டு மாதம் கழித்துத் தபால்காரம்மா வந்தார். இன்னும் செயற்கைக் கால் வரவில்லை. கக்கத்துக் கட்டையை ஒரு பக்கம் ஊன்றியிருந்தார், மறுபக்கம் நாத்தனார். இளைத்திருந்தார். மேடம் முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், கேமரா ஒன்று கோளாறு ஆகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று. அவர் யாரைக் காப்பாற்றுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

ஹெட்செட்டை நான்தான் மாட்டிவிட்டேன். விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் என் வேலை. அவர் பார்த்தார். வாய் திறந்தது. "அட, நான் இவ்வளவு வேகமா நடப்பேனா?" என்றார். சுற்றி வந்தார். தன் பின்புறத்தைப் பார்த்து, "அய்யய்ய, இப்படியா பின்னல் போட்டிருந்தேன்" என்றார். நாத்தனார் சிரித்தாள். பிறகு அவர் குனிந்தார். நீண்ட நேரம் நிமிரவில்லை.

"காலுல ஓட்டை தெரியுதே?"

"ஒரு கேமரால கோளாறும்மா" என்று மேடம் ஆரம்பித்தார்.

"இல்லக்கா" என்றேன். "நான்தான் இடிச்சேன். சொல்லாம விட்டுட்டேன்."

அவர் ஹெட்செட்டைக் கழற்றினார். நாத்தனார்தான் முதலில் பேசினாள். "என்னது? இடிச்சியா? வாயில என்ன பூட்டா போட்டிருந்துச்சு?"

"நீ சும்மா இரு" என்றார் தபால்காரம்மா. என்னைப் பார்த்தார். "எப்ப இடிச்ச?"

"நீங்க வந்து நின்னப்ப."

"ஏன் சொல்லல?"

"நீங்க கூச்சப்பட்டுட்டு நின்னீங்க. சொன்னா இன்னும் நாப்பது நிமிஷம்..." அதற்கு மேல் என் வாயாலேயே அந்தப் பொய்யைக் கேட்க முடியவில்லை. "இல்லக்கா. எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பாங்கன்னு."

"என்னையுந்தான் எல்லாரும் பாத்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தில் முகவரியை வாசிப்பது போலச் சொன்னார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே படம் வந்திருச்சா?"

"வியாழக்கிழமை வந்திருச்சு."

"அப்பவே உனக்குத் தெரியும்?"

"தெரியும்க்கா."

அவர் தலையை ஆட்டினார். சரி என்பதற்கான ஆட்டலா, வேறு எதற்கா என்று தெரியவில்லை. மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அவர் குடிக்கவில்லை. நாத்தனார் முந்திக்கொண்டு, "போலாம் அண்ணி, வாங்க" என்றாள். அவர் ஹெட்செட்டை என்னிடம் நீட்டினார்.

"மாட்டி விடு."

மாட்டிவிட்டேன். பொத்தானை அழுத்தினேன். ஹெட்செட்டுக்குள் அவர் உருவம் நடந்தது, எதிரே அவர் கட்டையை ஊன்றி நின்றார். அவர் பார்ப்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் காற்றில் குனிவது மட்டும் தெரிந்தது. சும்மா இருந்த கையை நீட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எதையோ மூடுவது போல உள்ளங்கையைக் குவித்தார். நான் ஒரு கையில் பொத்தானை வைத்துக்கொண்டு, மறு கையால் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தேன். பாரம் முழுவதும் என்மேல் சாய்ந்தது.

நடை முடிந்து உருவம் நின்றுவிட்டது.

"திரும்பப் போடு" என்றார்.

போட்டேன். அதே இடத்தில் குனிந்தார், அதே இடத்தில் கையைக் குவித்தார்.

"திரும்பப் போடு."

மேடமும் கண்ணாடியும் நாத்தனாரும் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் பிடி தளரும், அவர் விழுந்துவிடுவார். எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்று, பொத்தானை மறுபடியும் அழுத்தினேன்.